மூன்று பூட்டுப் பெட்டி: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் ஆப்பிரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி உதவிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் கணக்கு எழுதுகிறவள். திருநெல்வேலியில் பிறந்து, சென்னையில் படித்து, ஒன்பது ஆண்டுகள் நைரோபியில் ஓர் உதவி நிறுவனத்தின் நிதிப் பிரிவில் வேலை பார்த்தேன். யாருக்குப் பணம் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர்கள் வேறு. வரும் விண்ணப்பங்களில் தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, சரியில்லாதவற்றை ஒதுக்கி வைப்பது என் வேலை. அப்படி நான் ஒதுக்கிய ஒரு விண்ணப்பம் இன்னும் என்னை விடவில்லை. அதில் தொடங்குகிறேன்.

2014இல் வேலையாக நியேரி பக்கம் போயிருந்தேன். நைரோபியிலிருந்து வடக்கே 150 கிலோமீட்டர். செம்மண், தேயிலை, காப்பி, தூரத்தில் மேகத்துக்குள் கென்யா மலை. ஒரு தேவாலயத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் 26 பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இப்படிச் சேர்ந்து பணம் போடும் குழுவுக்கு அங்கே ‘சாமா’ என்று பெயர். நம் ஊர்ச் சீட்டும் மகளிர் குழுவும் கலந்தது போல. நடுவில் ஓர் இரும்புப் பெட்டி, அதில் மூன்று பூட்டுகள். பெட்டி ஒருவர் வீட்டில் இருக்கும், சாவிகள் வேறு மூன்று பேரிடம் இருக்கும். மூன்று பேரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். அன்றைக்கு மூன்றாவது சாவிக்காரர் வர இருபது நிமிடம் தாமதம். வந்ததும் முதல் வேலையாக அபராதக் கிண்ணத்தில் இருபது ஷில்லிங்கைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் காரணம் சொல்லவில்லை.

பெட்டியைத் திறப்பதற்கு முன் குழுவின் தலைவி ஒரு கேள்வி கேட்டார்: “போன கூட்டம் முடிந்தபோது உள்ளே எவ்வளவு இருந்தது?” அதை நினைவில் வைத்திருப்பதற்கென்றே இரண்டு பேரை நியமித்திருந்தார்கள். ஒருவர் எழுந்து தொகையைச் சொன்னார். இன்னொருவர் தலையாட்டினார். பிறகு பணத்தைப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் கொட்டி, எல்லோரும் பார்க்க இரண்டு பேர் எண்ணினார்கள். ஒரு ஷில்லிங் கூடப் பிசகவில்லை. படிக்கத் தெரியாதவர்களின் கைப்புத்தகத்தில் ஒரு பங்குக்கு ஒரு முத்திரை. எத்தனை முத்திரை என்று எண்ணத் தெரிந்தால் போதும், தன் பணம் எவ்வளவு என்று அவருக்கே தெரியும். கணக்கையே தொழிலாக வைத்திருக்கும் நான், அவ்வளவு சுத்தமான கணக்கை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

தலைவியை எல்லோரும் ‘மாமா’ என்று கூப்பிட்டார்கள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. நம் காதுக்குப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். அறுபதைத் தாண்டியவர். கொட்டகைக்குப் பின்னால் அந்தக் குழு நடத்திய நாற்றங்காலைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பழைய பால் பாக்கெட்டுகளிலும் உடைந்த தகர டப்பாக்களிலும் வரிசை வரிசையாகக் கன்றுகள். நிழலுக்குச் சவுக்கு போன்ற ஒரு மரம், பழத்துக்கு அவகாடோ, ஓடைக் கரையில் வைக்க நாட்டு மரங்கள். அந்த ஊரின் மூன்று பள்ளிக்கூடங்களைச் சுற்றி நின்ற மரங்கள் எல்லாம் இங்கிருந்து போனவை. சாமாவின் கடனில் கறவை மாடு வாங்கியவர்கள் உண்டு, பிள்ளையை மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் உண்டு, கணவன் இறந்ததும் நிலத்தை விட்டு விரட்டப் பார்த்தவர்களை எதிர்த்து வழக்குப் போட்டவரும் உண்டு. எல்லாம் அந்த இரும்புப் பெட்டியிலிருந்து.

அவர்கள் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு மழைநீர்த் தொட்டி. கோடையில் ஓடைக்குப் போய் முதுகில் தண்ணீர் சுமந்து வந்து கன்றுகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு லட்சம் ஷில்லிங். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு 70,000 ரூபாய் வரும்.

விண்ணப்பத்தை நான் ஒதுக்கினேன். அவர்களிடம் இருந்தது சமூகநலத் துறையில் வாங்கிய சுய உதவிக் குழுச் சான்றிதழ். எங்கள் விதிப்படி தொண்டு நிறுவனப் பதிவு வேண்டும். மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை வேண்டும், அதுவும் இல்லை. அப்புறம், கேட்ட தொகை எங்கள் குறைந்தபட்சத் தொகையைவிடக் குறைவு. எங்கள் நிறுவனம் 25,000 டாலருக்குக் கீழே கொடுக்காது. சிறு தொகையைக் கண்காணிக்கும் செலவு கட்டுப்படியாகாது என்பது காரணம்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமே இல்லை. “அப்படியென்றால் இன்னும் அதிகமாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா? எங்களுக்கு ஒரு தொட்டிதானே வேண்டும்?” என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். இரண்டு கோடையில் பாதிக் கன்றுகள் காய்ந்த பிறகு, தங்கள் பெட்டியிலிருந்தே எடுத்துத் தொட்டியை வாங்கினார்கள்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், ஆப்பிரிக்காவுக்கு இந்தியா கொடுக்கும் உதவியிலும் இதே ஓட்டை இருக்கிறது. அதை அடைக்கக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

அதே நியேரி மாவட்டத்தில் பிறந்தவர்தான் வங்காரி மாத்தாய். 1977 ஜூன் 5 அன்று நைரோபியில் ஏழு மரக்கன்றுகளை நட்டு அவர் தொடங்கியது பசுமைப் பட்டை இயக்கம். கிராமத்துப் பெண்கள் நாற்று வளர்ப்பார்கள், நடுவார்கள், பிழைத்து நின்ற ஒவ்வொரு கன்றுக்கும் ஏறத்தாழ நான்கு அமெரிக்க சென்ட் வாங்கிக்கொள்வார்கள். நட்டதற்கு அல்ல, பிழைத்ததற்கு. மரம் நடப் படிப்பு வேண்டும் என்று வனத்துறைக்காரர்கள் சொன்னார்கள். பெண்கள் சோளமும் அவரையும் விதைக்கும் அதே கையால் மர விதையையும் முளைக்க வைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் நார்வேயின் வனச் சங்கமும் ஐ.நா.வின் பெண்களுக்கான நிதியும் கொடுத்த உதவிதான் அந்த வேலையை நாடு முழுவதும் கொண்டுபோனது. 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது நட்டிருந்த மரங்கள் 3 கோடி. அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர்.

நோபல் கதை எல்லோருக்கும் தெரியும். நடுவில் இருந்த 27 ஆண்டுகளைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். 1989இல் நைரோபியின் உஹூரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்ப அரசு முனைந்தது. நகரத்து ஏழைகள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருகிற இடம் அது. மாத்தாய் கடிதம் எழுதினார். அமைச்சர்களுக்கு, முதலீட்டாளர்களுக்கு, வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு என்று எழுதிக்கொண்டே இருந்தார். நாடாளுமன்றத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருடைய இயக்கத்தை ‘விவாகரத்தான பெண்களின் கும்பல்’ என்றார்கள். இயக்கத்தின் அலுவலகத்தைக் காலி செய்யச் சொன்னார்கள், தன் வீட்டையே அலுவலகமாக்கினார். கடைசியில் முதலீட்டாளர்கள் பின்வாங்க, கட்டடம் வரவில்லை. 1992இல் அரசியல் கைதிகளின் தாய்மார்களோடு அதே பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தபோது போலீஸ் அடித்ததில் நினைவிழந்தார். 1999 ஜனவரியில் கருரா காட்டைக் காக்கப் போனபோது அடியாட்கள் மண்டையை உடைத்தார்கள்.

அந்த ஆண்டுகளில் அவருக்கு அரணாக நின்றவை எவை? 1984இல் ஸ்வீடனில் கொடுத்த ‘ரைட் லைவ்லிஹுட்’ பரிசு. 1991இல் கிடைத்த கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு. அவருக்கு ஏதாவது ஆனால் வெளியுலகம் கேட்கும் என்று அடிக்க வந்தவர்களுக்குத் தெரிந்தது. பரிசு அங்கே மாலை மரியாதையாக இருக்கவில்லை, கவசமாக இருந்தது.

இந்தியா எப்போது கொடுத்தது? 2005ஆம் ஆண்டுக்கான ஜவாஹர்லால் நேரு விருது, 2006ஆம் ஆண்டுக்கான இந்திரா காந்தி பரிசு. இரண்டுமே நோபலுக்குப் பிறகு. லைபீரியாவின் அதிபராக இருந்த எலன் ஜான்சன் சர்லீஃபுக்கும் அப்படித்தான்: 2011இல் நோபல், 2012இல் இந்திரா காந்தி பரிசு. கொடுத்தது தவறு என்று சொல்ல வரவில்லை. உலகமே எழுந்து நின்று கைதட்டிய பிறகு நாமும் எழுந்து நின்றோம் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் நமக்கு வேறொரு பழக்கமும் இருந்தது. 1979ஆம் ஆண்டுக்கான அதே நேரு விருதை இந்தியா நெல்சன் மண்டேலாவுக்குக் கொடுத்தது. அப்போது அவர் ராபன் தீவுச் சிறையில் இருந்தார். மேற்கத்திய அரசுகள் பலவும் அவரைப் பயங்கரவாதி என்று நினைத்த காலம். அமெரிக்காவின் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்ததே 2008இல்தான். அவருக்குப் பதிலாக அவருடைய இயக்கத்தின் தலைவர் ஆலிவர் டாம்போ டெல்லிக்கு வந்து விருதை வாங்கிக்கொண்டார். நோபல் குழு மண்டேலாவைக் கண்டுகொள்ள அதற்குப் பிறகு 14 ஆண்டுகள் ஆயின. அந்த விருதை வழங்கியது உங்கள் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் கலாசார உறவுகளுக்கான கவுன்சில். துணிச்சலோடு முந்திக்கொண்டு மரியாதை செய்வது எப்படி என்று உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது.

அந்தத் துணிச்சலை இப்போது எங்கே காட்ட வேண்டும் என்று கேட்டால் நான் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டாலைச் சொல்வேன். அங்கே சோம்கேலே என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத்தை விரிவுபடுத்துவதை எதிர்த்து ஊர்க்காரர்களைத் திரட்டியவர் ஃபிகிலே இன்ட்ஷங்காசே. தங்கள் வீடும் நிலமும் போகும், காற்றும் தண்ணீரும் கெடும் என்று சொன்னவர். 2020 அக்டோபர் 22 அன்று மாலை அவர் வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். அவருடைய பெயர் உலகப் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது அதற்குப் பிறகுதான். அவர் கையில் எந்தப் பரிசும் இருக்கவில்லை. இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தனியாக இருக்கிறார் என்ற எண்ணம் அந்தக் கொலைகாரர்களுக்கு வந்திருக்கக் கூடாது.

அதே நாட்டின் கிழக்குக் கேப் கடற்கரையில் நொன்ஹ்லே ம்புதூமா இருக்கிறார். தங்கள் மண்ணில் டைட்டானியம் தோண்ட வந்தவர்களை எதிர்த்த அமடிபா நெருக்கடிக் குழுவின் முன்னணியில் நிற்பவர். அந்தக் குழுவின் தலைவராக இருந்த ஒருவர் 2016இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பயந்து ஒதுங்காமல் நின்று, ஷெல் நிறுவனத்தின் கடலடி எண்ணெய் ஆய்வையும் நீதிமன்றத்தில் தடுத்த இருவரில் அவர் ஒருவர். 2024இல் இருவருக்கும் கோல்ட்மேன் பரிசு கொடுத்தார்கள். சரி, அவர் பெயர் இப்போது உலகத்துக்குத் தெரியும். அவரைப் போலப் பெயர் தெரியாமல் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். அவர்களைத் தேடிப் போகும் வேலையைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

விருது ஒரு பக்கம். பணம் இன்னொரு பக்கம். பணத்தைப் பற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரியும்.

எத்தியோப்பியாவின் தெற்கே கெம்பாட்டா என்ற பகுதி. பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்த ஊர். அங்கே பிறந்து, தானும் அந்தக் கொடுமைக்கு ஆளாகி, ஜெருசலேமிலும் அமெரிக்காவிலும் படித்துவிட்டுத் திரும்பிய போகலெச் கெப்ரே, 1997இல் தன் தங்கையோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். எதற்காக வந்தாரோ அதை முதலில் பேச முடியவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஊர்க்காரர்களைக் கேட்டார். அவர்கள் கேட்டது ஒரு பாலம். ஆற்றைக் கடந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக, பெண்கள் சந்தைக்குப் போக ஒரு பாலம். கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஊர் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது. ஆண்களும் பெண்களும் கிழவர்களும் இளைஞர்களும் ஒன்றாக உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசினார்கள். 2002இல் வெட்டப்படாத ஒரு பெண்ணுக்கு ஊரறியத் திருமணம் நடந்தது. அதை மறைக்காமல், எல்லோரும் படிக்கும்படி எழுதி நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார் மணப்பெண். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பகுதியில் அந்த வழக்கம் மிகச் சிலரிடம் மட்டுமே மிஞ்சியது.

இதை ஒரு நிதி நிறுவனத்தின் படிவத்தில் எழுதிப் பாருங்கள். நோக்கம்: பெண்ணுறுப்புச் சிதைப்பை ஒழிப்பது. முதல் செலவு: பாலம். நான் இருந்த மேசைக்கு அது வந்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஊரைத் தெரிந்த பெண்ணிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, எதை முதலில் செய்வது என்று அவரையே முடிவு செய்யவிடுவதுதான் அங்கே வேலை செய்தது. மலாவியின் டெட்சா மாவட்டத்தில் தெரசா கச்சிந்தமோட்டோ செய்ததும் வெளியிலிருந்து யாரும் எழுதிக் கொடுத்த திட்டம் இல்லை. ஒரு கல்லூரியில் செயலாளராக 27 ஆண்டுகள் வேலை பார்த்தவரை 2003இல் ஊர் கூப்பிட்டுத் தலைமைப் பொறுப்பில் உட்கார வைத்தது. பன்னிரண்டு வயதுப் பெண் கையில் குழந்தையோடு நின்றதைப் பார்த்துவிட்டு, தன் கீழிருந்த ஊர்த் தலைவர்களை வரிசையாக உட்கார வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். மீறியவர்களைப் பதவியிலிருந்து நீக்கினார். 850க்கும் மேற்பட்ட குழந்தைத் திருமணங்களை ரத்து செய்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்.

இப்படிப்பட்டவர்களின் கைக்கு எவ்வளவு பணம் போகிறது? பாலினச் சமத்துவத்துக்கென்று பணக்கார நாடுகள் ஒதுக்கும் உதவியில், பெண்கள் உரிமை அமைப்புகளுக்கு நேரடியாகப் போய்ச் சேருவது நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் பல ஆண்டுகளாக நிற்கிறது. மனிதநேய உதவியில் நான்கில் ஒரு பங்கை 2020க்குள் உள்ளூர் அமைப்புகளிடம் கொடுப்போம் என்று 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில் உறுதியெடுத்தார்கள். 2020 வந்தது, அந்த இலக்கின் பக்கத்தில் கூடப் போகவில்லை. இப்போது அதுவும் வற்றுகிறது. 2025 ஜூலை 1 அன்று அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு தன் கதவை மூடிக்கொண்டது. அதற்கு முன்பே அதன் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

நம் பணம் எங்கே போகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2015இல் டெல்லியில் நடந்த இந்திய–ஆப்பிரிக்க உச்சி மாநாட்டில், ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி டாலர் சலுகைக் கடன், 60 கோடி டாலர் மானியம், 50,000 பேருக்குப் படிப்புதவி என்று அறிவித்தோம். கடன் அரசுகளுக்குப் போகிறது. அதில் பொதுவாக 75 சதவீதத்துக்குச் சரக்கும் சேவையும் இந்தியாவிலிருந்து வாங்க வேண்டும். மின்பாதை, சர்க்கரை ஆலை, ரயில் பாதை எல்லாம் அப்படி வந்தவை. கானாவின் தலைநகர் அக்ராவில் அதிபர் மாளிகையே இந்தியக் கடனில்தான் எழுந்தது.

அக்ரா என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மாளிகை இல்லை. 2003இல் லைபீரியப் போரை நிறுத்தும் பேச்சுவார்த்தை கானாவில்தான் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. பேச வந்த போர்த் தலைவர்கள் நல்ல ஓட்டலில் தங்கியிருந்தார்கள், லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அதற்கு முன் பல வாரங்களாக லைபீரியாவின் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை டி-ஷர்ட் போட்டு, வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, மன்ரோவியா மீன் சந்தைப் பக்கத்து மைதானத்தில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் திரட்டியவர்களில் முன்னால் நின்றவர் லேமா போவீ. ஜூலையில் அவரும் மற்றப் பெண்களும் அக்ராவில் பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, முடிவு வராமல் யாரையும் வெளியே விடமாட்டோம் என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்ததும் போவீ தன் உடையைக் களையத் தொடங்கினார். தாய் வயதுப் பெண் ஒருத்தி அப்படிச் செய்வது பார்ப்பவர்களுக்குச் சாபம் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மேசையில் அந்தப் பெண்களுக்கு நாற்காலி போடவில்லை. நடைபாதையில் உட்கார்ந்துதான் போரை நிறுத்தினார்கள்.

அதே அக்ராவில் ஆப்பிரிக்கப் பெண்கள் மேம்பாட்டு நிதியம் இருக்கிறது. பிசி அடெலேயே-ஃபயேமி, ஜோனா ஃபாஸ்டர், ஹில்டா டாட்ரியா என்ற மூன்று ஆப்பிரிக்கப் பெண்கள் 2000இல் தொடங்கியது. கண்டம் முழுவதற்குமான முதல் பெண்கள் நிதியம். 40க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் பெண்கள் நடத்தும் அமைப்புகளுக்குப் பணம் கொடுத்து வருகிறது. எந்த ஊரில் எந்தப் பெண்ணை நம்பலாம் என்று டெல்லியிலோ நைரோபியிலோ உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற கணக்காளருக்குத் தெரியாது. இவர்களுக்குத் தெரியும். நம் மானியத்தில் ஒரு பகுதியை இப்படிப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்கள் நிதியங்கள் வழியாகக் கொடுங்கள் என்பது என் முதல் கோரிக்கை.

அரசுகள் கேட்பதைத்தான் கொடுப்போம், அந்நிய நாட்டின் ஊருக்குள் நேரடியாகப் போவது நம் வழக்கம் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. காலனி ஆட்சியை அனுபவித்த நாம் இன்னொரு நாட்டின் வீட்டுக்குள் நுழையத் தயங்குவது நல்ல குணம்தான். ஆனால் நேபாளத்தில் 2003 முதல் சிறு வளர்ச்சித் திட்டங்கள் என்ற பெயரில் தொடங்கி, அந்நாட்டு அரசின் ஒப்புதலோடு, பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் உள்ளூர் அளவில் நம் தூதரகம் பணம் கொடுத்து வருகிறது. ஜப்பான் தூதரகங்கள் 1989 முதல் ஊர் அளவிலான அமைப்புகளுக்குச் சிறு மானியம் கொடுக்கின்றன. இதை ஆப்பிரிக்காவிலும் செய்யுங்கள் என்பது என் இரண்டாவது கோரிக்கை. நேபாளத்தில் முடிந்தது கென்யாவிலும் மலாவியிலும் ஏன் முடியாது? அந்த அரசுகளிடமே கேளுங்கள். பெண்களின் உரிமைக்கான மபுட்டோ நெறிமுறையை 2003இலேயே எழுதிக்கொண்ட கண்டம் அது.

மூன்றாவது விஷயம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்ற ஊரில் உள்ள பேர்ஃபுட் கல்லூரியில், வெளிநாட்டவருக்குப் பயிற்சி கொடுக்கும் உங்கள் ஐடெக் திட்டத்தின் செலவில், ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் ஆறு மாதம் தங்கிச் சூரிய மின் கருவிகள் செய்யக் கற்றார்கள். பலர் பாட்டிகள், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கற்றுக் கொடுப்பவருக்கும் கற்பவருக்கும் பொது மொழி கிடையாது. பாகங்களின் நிறத்தைப் பார்த்தும் கைச் சைகையாலும் கற்றார்கள். சுவாஹிலி பேசுபவரும் ஃபிரெஞ்சு பேசுபவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைப்புக் கோலைப் பிடித்து மின்சுற்றுப் பலகையில் ஈயம் வைத்தார்கள். ஏன் பாட்டிகள்? இளைஞர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தால் நகரத்துக்கு வேலை தேடிப் போய்விடுவார்கள், பாட்டி ஊருக்குத் திரும்புவார். ஆப்பிரிக்காவுக்கு இந்தியா செய்த உதவிகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். பிரதமரே 2016இல் தான்சானியாவில் இந்தச் ‘சோலார் மாமா’க்களைச் சந்தித்தார்.

ஆனால் ஆறு மாதப் பயிற்சிக்கும் விமானச் சீட்டுக்கும் பணம் ஒதுக்கினால் வேலை முடிந்துவிடாது. திரும்பிப் போன பெண்ணுக்கு இரண்டாம் ஆண்டில் பேட்டரி தேவைப்படும். பழுது பார்ப்பதற்கு ஊர்க்காரர்கள் மாதாமாதம் கொடுக்கும் சிறு கட்டணம் வராமல் போனால் அவருக்குச் சோறு கிடையாது. பட்டறைக்கு ஒரு கூரை வேண்டும். அப்புறம், அந்தப் பெண் விளக்குப் பழுது பார்ப்பவர் மட்டும் இல்லை. கணவனையும் மாமியாரையும் சம்மதிக்க வைத்து, வாழ்நாளில் முதல் முறையாக விமானம் ஏறி, கடல் தாண்டி வந்து திரும்பியவர். ஊரில் அவருடைய சொல்லுக்கு இப்போது எடை இருக்கிறது. அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு சிறு தொகையைக் கொடுத்து, அதை எதற்கும் செலவழிக்கலாம் என்று விட்டுப் பாருங்கள். யார் யார் வந்தார்கள், எந்த ஊர் என்ற பட்டியல் உங்களிடமே இருக்கும். புதிதாகத் தேட வேண்டியதுகூட இல்லை.

கணக்கு யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். என் வேலையே அதுதான், அதனால் அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தணிக்கை வேண்டும். ஆனால் 70,000 ரூபாய்க்கும் 70 கோடிக்கும் ஒரே தணிக்கை எதற்கு? மூன்று சாவியும், கிண்ணத்தில் எண்ணும் பணமும், தொகையை நினைவில் வைக்கும் இரண்டு பெண்களும் ஒரு தணிக்கை முறைதான். இப்படிப் பெட்டி வைத்துச் சேமிக்கும் முறை நைஜர் நாட்டின் மராடிப் பகுதியில் 1991இல் உருவாகி, கண்டம் முழுவதும் லட்சக்கணக்கான பெண்களிடம் பரவியிருக்கிறது. அதற்கும் முன்பே கானாவில் சுசு, எத்தியோப்பியாவில் எக்குப், தென்னாப்பிரிக்காவில் ஸ்டாக்வெல் என்று ஊருக்கு ஊர் கூட்டுச் சேமிப்பு இருந்தது. தூதரகத்திலிருந்து ஓர் அலுவலர் ஆண்டுக்கு இரண்டு முறை போய் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். எங்கள் அலுவலகத்தில் மூன்று கையெழுத்து வாங்கி அனுப்பிய காசோலைகளில் காணாமல் போன பணத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியிலிருந்து காணாமல் போனதைப் பார்க்கவில்லை.

விருதைப் பொறுத்தவரை நான் கேட்பது இவ்வளவுதான்: ஆண்டுக்கு ஒரு பெரிய பெயருக்கு டெல்லியில் விழா எடுப்பதோடு, ஊர் அளவில் வேலை செய்யும் பத்து ஆப்பிரிக்கப் பெண்களுக்கு, அவர்கள் இன்னும் யாருக்கும் தெரியாமல் இருக்கும்போதே, இந்தியக் குடியரசின் பெயரில் ஒரு மரியாதை செய்யுங்கள். தூதர் அவர்களுடைய ஊருக்கே போய்க் கொடுக்கட்டும். சுரங்கத்தை எதிர்ப்பவரையும் காட்டைக் காப்பவரையும் அதில் சேர்க்கத் தயங்காதீர்கள். அவர்கள் எதிர்ப்பது இந்திய நிறுவனமாகவே இருந்தாலும் தயங்காதீர்கள். மண்டேலாவுக்குக் கொடுத்த நாட்டுக்கு அது புதிதில்லை.

2023 செப்டம்பரில் டெல்லியில்தான் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி-20இல் நிரந்தர உறுப்பினரானது. அந்த நாற்காலியை இழுத்துப் போட்டது நாம் என்று எனக்கும் பெருமைதான். அடுத்த உச்சி மாநாட்டுக்கான அறிவிப்புகளை நீங்கள் எழுதும்போது, 1,000 கோடி என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு லட்சம் ஷில்லிங்குக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

நியேரியில் அந்தச் சாமா இன்னும் நடக்கிறது. போன ஆண்டு மாமா வாட்ஸ்அப்பில் தொட்டியின் படத்தை அனுப்பியிருந்தார். பக்கத்தில் இரண்டாவது தொட்டிக்கு மேடை கட்டி வைத்திருக்கிறார்கள், பணம் சேர்ந்ததும் வாங்குவார்களாம். கூட்டம் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. நைரோபியில் இருக்கும் நம் தூதரகத்திலிருந்து காலையில் கிளம்பினால் போதும், போய்விடலாம். இரண்டுக்குப் பிறகு போனால் இருபது ஷில்லிங் அபராதம் உண்டு.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நைரோபியில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய ஒரு திருநெல்வேலிப் பெண்